பதினோரு பவுண்டு போணி

1

கடையின் கார்டு மெஷின் திரும்பவும் வேலை செய்யத் தொடங்கி இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. இன்னும் யாராவது அதன்மேல் கார்டை வைத்தால், 'பீப்' சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. போன வாரம் ஒரு நர்ஸ் பெண் இரண்டு சேலை எடுத்துவிட்டுக் கார்டை நீட்டியவள், "உடம்பு சரியில்லையா ஆன்ட்டி?" என்று கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். முடிவெட்டும் கடைக்கும் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் என் சேலைக்கடை. அப்பாவும் தம்பியும் சேலம் பக்கம் இளம்பிள்ளையிலிருந்து அனுப்பும் சேலைகளைத்தான் விற்கிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு ஐந்து வயது முடிந்தது. அன்று காலை கேசரி கிளறி இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. வாழ்த்து என்றுதான் நினைத்தேன்.

உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகள் உள்ளன, விசாரணை முடியும்வரை மெஷின் நிறுத்தப்படுகிறது, கடந்த ஆறு நாள் விற்பனைப் பணமும் நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆறு நாளில் நாலாயிரத்து இருநூறு பவுண்டுக்கு விற்றிருந்தேன். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. ஊரிலிருந்து வந்த பதினோரு அட்டைப்பெட்டிகள் பிரிக்காமல் பின்னறையில் இருந்தன.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கலக்கம் புரியாமல் போகலாம். சேலம் சூரமங்கலத்தில் பூக்கட்டி விற்கிற அம்மாகூட ஒரு க்யூஆர் அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார். போனைக் காட்டினால் போதும், பக்கத்திலிருக்கும் பெட்டி "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே சொல்கிறது. அறுபதும் அவருக்கே. கார்டு கொடுத்தால் மட்டும் சில கடைகளில் "ரெண்டு பர்சென்ட் சேருமுங்க" என்பார்கள்.

இங்கே கையில் நோட்டு வைத்திருப்பவர்கள் அபூர்வம். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கார்டுதான். நூறு பவுண்டுச் சேலை ஒன்றைக் கார்டில் விற்றால் என் கையில் தொண்ணூற்றெட்டு பவுண்டும் சில்லறையும்தான் வரும். ஒன்று முக்கால் பவுண்டு கட்டணம். அதுபோக ஒவ்வொரு முறை கார்டு வைக்கவும் மூன்று பென்ஸ். மெஷினுக்கு மாத வாடகை தனி. இதை வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்டு வாங்கவும் கூடாது, சட்டம் இருக்கிறது. சேலை விலைக்குள்ளேயே நாம்தான் அதை ஒளித்துவைக்க வேண்டும்.

நான் சேலத்தில் பி.காம். படித்தவள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இதுவரை குறைந்ததில்லை. ஆனால் மெஷின் கம்பெனி மாதாமாதம் அனுப்பும் நான்கு பக்க அறிக்கையில் நான் கடைசி வரியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கணக்குக்கு எவ்வளவு வந்தது என்பது தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

3

சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை எதுவென்று போனில் கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் இளவயது அதிகாரி, மரியாதையாகப் பேசினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை ஒன்பதரைக்கு, கடை திறக்கும் முன்னால், ஒரே கார்டிலிருந்து பதினோரு பவுண்டு வந்திருக்கிறது, அந்தக் கார்டு உங்கள் பெயரில் இருக்கிறது என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான்தான் செய்தேன். போணி.

இளம்பிள்ளையில் எங்கள் கடையில் நாளின் முதல் விற்பனை நல்ல கையால் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமையென்றால் அதை யாரோ வரட்டும் என்று விடமாட்டார்கள். கதவு திறந்ததும் வீட்டு ஆளே ஒருவர் கல்லாவில் பதினோரு ரூபாய் போடுவார். எங்கள் வீட்டில் அது நான். நான் போணி செய்த வாரம் லோடு நிற்காமல் போகும் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. காலேஜுக்குப் போகிற அவசரத்திலும் கடைக்குள் ஒரு எட்டு வைத்துக் காசைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

இங்கே கல்லா என்பது அந்த மெஷின்தானே. அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பதினோரு பவுண்டு என்று அழுத்தி, என் கார்டை வைப்பேன். பிறகு ஷட்டரைத் தூக்குவேன். ஐந்து வருடத்தில் ஒரு வெள்ளியும் தவறியதில்லை.

"அந்தப் பதினோரு பவுண்டுக்கு என்ன பொருள் விற்றீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒன்றும் விற்கவில்லை."

"பிறகு எதற்குக் கார்டை வைத்தீர்கள்?"

"கடை திறக்கத்தான்."

"கடை திறக்கக் கார்டு வேண்டுமா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிர்ஷ்டத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. "பொருள் இல்லாத விற்பனை என்று வியாபாரியே ஒப்புக்கொண்டார். அப்படிக் குறித்துக்கொள்கிறேன்" என்றார்.

கடைக்காரர் தன் கார்டைத் தன் மெஷினிலேயே போடக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. கடன் அட்டையிலிருந்து ரொக்கம் உருவவும், நடக்காத வியாபாரத்தை நடந்ததாகக் காட்டவும் ஏமாற்றுக்காரர்கள் கையாளும் வழி அது. எங்கள் பழைய மெஷின் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியிருந்தது. புதியவர்கள் பழைய கணக்குகளைத் துருவியபோது என் வெள்ளிக்கிழமைகள் வரிசையாக அகப்பட்டுவிட்டன. பத்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அது திருப்தியாக இல்லாவிட்டால் கணக்கை மூடிவிட்டு, எல்லா மெஷின் கம்பெனிகளும் பார்க்கிற பொதுப் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பார்கள். அதில் பெயர் ஏறினால் பல வருடங்களுக்கு வேறு யாரும் எனக்கு மெஷின் தரமாட்டார்கள். கடையை மூட வேண்டியதுதான்.

 

4

'ரொக்கம் மட்டும்' என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். வந்தவர்கள் பணம் எடுக்கும் இயந்திரம் எங்கே என்று கேட்டுப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

அப்பா வாட்ஸப்பில் கூப்பிட்டார். சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன், குரலைக் கேட்டதும் சொல்லிவிட்டேன்.

"அது சரி சாமி. உன்ற காச உனக்கே குடுத்துக்கறதுக்கு அவனுக்கு எதுக்குக் கமிஷன்?"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். பதினோரு பவுண்டுக்கு இருபத்திரண்டு பென்ஸ். வாரம் ஒரு முறை, ஐந்து வருடம். என் சொந்தக் கையால் எனக்கு நானே போணி செய்துகொள்ள ஐம்பத்தேழு பவுண்டு கட்டணம் கட்டியிருக்கிறேன்.

என் கணவர் செந்தில் திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக் குடும்பம். இங்கே பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் எதற்கும் பதற மாட்டார். "மெஷின டெஸ்ட் பண்ணிப் பாத்தோம்னு எழுதிப்போடு. அவனுக்கென்ன தெரியப் போவுது?" என்றார். எனக்கும் அதுதான் சுலபமான வழியாகப் பட்டது. நான் அன்றைக்கு இருந்த நிலையில் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

எனக்குத் தெரியாமல் அவர் இன்னொன்றும் செய்தார். மகளுக்குப் போன் செய்துவிட்டார்.

5

அபிநயாவுக்கு இருபது வயது. ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் நீளமாக எழுதி அனுப்பும் செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். ஞாயிற்றுக்கிழமை பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டாது. தோழிகளுக்கு அவள் 'ஆபி'. தமிழ்ப் பள்ளிக்கு ஒன்பது வயதுவரை போனாள். பிறகு நீச்சல் வகுப்பும் அதே நேரத்தில் வந்தது, நீச்சல் ஜெயித்தது. பேசும் தமிழ் மட்டும் அப்படியே என் வாயிலிருந்து எடுத்தது. இங்கிலாந்து ராகத்தில் "ஊட்டுக்கு வாரேம்மா" என்பாள். அவள் பேசுவதைக் கேட்டால் ஊரில் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வராது.

கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அதனால்தான் மெஷின் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லி, அதற்கும் ஒரு கட்டைவிரல் வந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை மதியம் தோள்பையோடு கடைக்குள் வந்து நின்றாள். "ஸ்டேட்மெண்ட் எல்லாம் எடும்மா. அஞ்சு வருஷத்துதும்" என்றாள். சாப்பிட்டாயா என்றேன். "அப்புறம்" என்றாள்.

சேலை மேஜையில் தாள்களைப் பரப்பினாள். மூன்று வண்ணப் பேனா. வாடிக்கையாளரின் வங்கிக்குப் போவது பச்சை. கார்டில் பெயர் போட்டிருக்கிற நிறுவனத்துக்குப் போவது மஞ்சள். மெஷின் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொள்வது சிவப்பு. ஒரு மணி நேரத்தில் என் மேஜை சிவந்துவிட்டது. எல்லாம் வங்கிக்குப் போகிறது என்று நான் நினைத்திருந்தேன். வங்கிக்கும் கார்டு நிறுவனத்துக்கும் சேர்ந்து கால்வாசிகூட இல்லை. அவர்கள் பங்கை நம்மால் தொட முடியாது, சிவப்பைப் பேசிக் குறைக்கலாம் என்று அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இது என்ன, மாசம் ஏழு பவுண்டு?"

"அது பாதுகாப்புக்கு. இன்சூரன்ஸ் மாதிரி."

"அம்மா, இது அபராதம்."

கார்டு விவரங்களைப் பத்திரமாகக் கையாளுகிறோமா என்று வருடத்துக்கொரு முறை இணையத்தில் ஒரு கேள்விப் படிவம் நிரப்ப வேண்டுமாம். நிரப்பாத கடைக்கு மாதாமாதம் ஏழு பவுண்டு. நான் அறுபது மாதம் அந்த அபராதத்தைக் கட்டி, கடை பாதுகாப்பாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

"நீ நெசமாவே பி.காம். தானா?" என்று கேட்டாள். செந்தில் பின்னறையிலிருந்து சிரிப்பது கேட்டது.

ஜனவரி மாதம் வியாபாரமே இருக்காது. அப்போதும் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். வாங்கிய சேலையை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் முழுப் பணத்தையும் நான் திருப்பிவிடுவேன், கம்பெனி தான் எடுத்த பங்கைத் திருப்பித் தந்ததில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினாள். கூட்டுத்தொகையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

விளக்கக் கடிதம் பற்றிப் பேச்சு வந்ததும் செந்தில் மறுபடியும் டெஸ்ட் என்றார். நானும் தலையாட்டினேன்.

"எரநூத்தி அறுவது தடவையாப்பா?" என்றாள் அபி. "எல்லா வெள்ளியும், ஒரே நேரம், ஒரே பதினொண்ணு. யாருப்பா டெஸ்ட்டுன்னு நம்புவாங்க? பொய்யின்னு தெரிஞ்சா அத்தோட முடிஞ்சுது."

"உண்மையச் சொன்னதுக்குத்தான் ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்கிட்டானே" என்றேன்.

"நீ பாதிதான் சொன்ன. காசு எங்க போச்சுன்னு சொல்லல. பேரேட்டுல எழுதிருக்கியா?"

எழுதியிருந்தேன். அதில் மட்டும் நான் ஏமாளி இல்லை. கடையின் கணக்கு வழக்கு முழுதும் நீல அட்டைப் பேரேடுகளில் என் கையெழுத்தில், தமிழில் இருக்கிறது. வருடக் கடைசியில் ஆடிட்டருக்கு எண்களை மட்டும் ஆங்கிலத்தில் தருவேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் முதல் வரி 'சொந்தப் போணி – முதலில் சேர்க்கவும்' என்பதுதான். நான் போட்ட மூலதனமாகத்தான் காட்டினேன், விற்பனையாக ஒருபோதும் காட்டியதில்லை. அந்தப் பணத்தை நான் வெளியே எடுத்ததும் இல்லை.

அபி பேரேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். "வேணாம், சரி பாக்கறவ நானே படிக்கணும்" என்றாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'சொந்த' என்பதற்கே அரை நிமிடம் ஆனது. பத்தாவது வாரத்துக்குமேல் அந்த வரி அவளுக்குப் பழகிவிட்டது. தேதியைப் பேரேட்டிலும் அறிக்கையிலும் பார்த்து, கணினியில் ஒரு வரிசையாகத் தட்டினாள். இருநூற்று அறுபது வரி. சனிக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போனது. மூன்று தேதிகளில் நான் தப்பாக எழுதியிருந்தேன். அதையும் மறைக்காமல் பக்கத்தில் குறித்தாள்.

பிறகு கடிதம். அவள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். அதன் தொடக்கம் தமிழில் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "என் அம்மாவின் ஊரில் நாளின் முதல் விற்பனையைக் குடும்பத்தில் ஒருவர் தொடங்கிவைப்பது வழக்கம். அங்கே அதை ரொக்கத்தில் செய்வார்கள். இங்கே ரொக்கம் இல்லாததால் அம்மா உங்கள் மெஷினில் செய்தார். அது ஒப்பந்தத்துக்கு மாறானது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பைசாவுக்கும் அவர் கணக்கு வைத்திருக்கிறார். இணைத்துள்ளேன்."

போணி என்றால் என்ன என்று நான் அவளுக்கு ஒருநாளும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. பள்ளி விடுமுறையில் என்னோடு கடைக்கு வந்த வெள்ளிக்கிழமைகளில் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் அவளிடம் என்னவெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறதோ என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நான்கு பக்கக் கடிதமும் அட்டவணையும் ஞாயிறு மாலையே போயின.

7

அபி திரும்பிப் போகவில்லை. பின்னறையில் அட்டைப்பெட்டிகள்மேல் கணினியை வைத்துக்கொண்டு பாடங்களைக் கேட்டாள்.

வியாழக்கிழமை போன் வந்தது. அவளே முந்திக்கொண்டு எடுத்து, நானும் கேட்கும்படி வைத்தாள். அதே அதிகாரி. கடிதம் கிடைத்தது, அட்டவணையைச் சரிபார்த்தோம், பொருந்துகிறது, கணக்கைத் திறந்துவிடுகிறோம் என்றார். நிறுத்திவைத்த பணம் மூன்று நாளில் வரும். இனிமேல் என் கார்டோ, கணவர் கார்டோ, மகள் கார்டோ அந்த மெஷினைத் தொடக் கூடாது. மீறினால் கடிதம் எதுவும் எடுபடாது. அபி எல்லாவற்றுக்கும் சரியென்றாள்.

"நீங்கள் தெளிவாகப் பேசுகிறீர்கள். மீதி விவரங்களையும் உங்களோடேயே முடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

"இல்லை. கடை அம்மாவுடையது. அவரிடம்தான் பேச வேண்டும்" என்று சொல்லி, போனை என் கையில் வைத்துவிட்டாள்.

மீதி விவரங்களை முடித்துவிட்டு நான் நன்றி சொன்னேன். அவர் வைக்கப் போனார். அப்போது சிவப்புக் கோடு போட்ட தாள் மேஜைமேல் கண்ணில் பட்டது. ஒரு நிமிடம், கட்டணம் பற்றிப் பேச வேண்டும் என்றேன். என் ஆங்கிலம் எனக்கே மூக்கடைத்த மாதிரி கேட்டது. அது வேறு பிரிவு என்று ஒரு பெண்ணிடம் இணைப்பை மாற்றினார்.

அந்தப் பெண்ணிடம் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அறுபது மாத அபராதம். ஜனவரிக் கட்டணங்கள். திருப்பித் தராத பங்கு. ஐந்து வருடமாக ஒன்று முக்கால் சதவீதம். "இனி ஒன்றே கால்தான் தருவேன்" என்று முடித்தேன்.

"அவ்வளவு குறைக்க எங்களால் முடியாது. ஒன்றரை தரலாம்" என்றாள்.

நான் பேசவில்லை. எங்கள் ஊர்ச் சேலை வியாபாரத்தில் விலையைச் சொன்ன பிறகு வாயைத் திறப்பவர் தோற்றார் என்று அர்த்தம். சேலத்திலிருந்து வரும் கடைக்காரரும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து, டீ ஆறும்வரை சும்மா இருப்பதைப் பார்த்திருக்கிறேன். போனில் அந்தப் பெண் மூச்சு விடுவது கேட்டது. அபி பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஹலோ, இருக்கிறீர்களா?" என்றது போன்.

"இருக்கிறேன்" என்றேன். மறுபடியும் சும்மா இருந்தேன்.

மேலதிகாரியைக் கேட்டுவருவதாகப் போனாள். இசை ஒலித்தது. திரும்பி வந்து, ஒன்று புள்ளி நான்கு, அதற்குமேல் அவர்கள் கையில் இல்லை, படிவத்தை இன்றே நிரப்பினால் அபராதம் நின்றுவிடும், கடைசி ஆறு மாத அபராதத்தைத் திருப்பித் தருகிறோம் என்றாள். எழுத்தில் அனுப்பச் சொன்னேன். நான் போனை வைக்கும் முன்பே மின்னஞ்சல் வந்தது. அபி திறந்து பார்த்துத் தலையாட்டினாள்.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவர்கள் எல்லோரும் கேட்பதுதான்.

"இப்போதைக்கு இல்லை. அடுத்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒன்றே காலுக்குக் கூப்பிடுவேன். உங்கள் பெயர் என்ன?" என்றேன்.

போனை வைத்தேன். அபி என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பாவம்மா அந்தப் பொண்ணு" என்றாள்.